இரண்டு பஸ்களுக்கு நடுவே

காலை மணி ஏழு இருபது. பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையை ஒட்டிய சந்தாபுரா பஸ் நிறுத்தத்துக்கு டிபன் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்து சேருகிறார். "356 போயிடுச்சாக்கா?" ஏற்கெனவே அங்கே நிற்பவர் உதட்டைப் பிதுக்குகிறார். "எங்கேம்மா? ஏழு மணியிலேருந்து நிக்கிறேன். ஒண்ணையும் காணோம்." ஏழு நாற்பதுக்கு ஒரு பஸ் வருகிறது, படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாமல். பின்னால் காலி வண்டி வருகிறது என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்துகிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஒரே நிமிடத்தில் அதே தடத்தின் அடுத்த பஸ் பாதி காலியாக வருகிறது. நிறுத்தத்தை முதல் வண்டி அடைத்துக்கொண்டிருப்பதால், அதன் டிரைவர் ஒதுங்கி, நிற்காமலே தாண்டிப் போய்விடுகிறார்.

எந்த வேலை நாளிலும் காணக்கூடிய காட்சிதான். நிற்பவர்களில் பலர் பொம்மனஹள்ளி பக்கத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், எலெக்ட்ரானிக் சிட்டியில் துப்புரவு, காவல், சமையல் வேலைகளுக்கும் போகிறவர்கள். தாமதமானால் சூப்பர்வைசரின் ஏச்சு. அடிக்கடி தாமதமானால் சம்பளத்தில் வெட்டு. இரண்டு பஸ்களும் சேர்ந்து வந்த சேதி சூப்பர்வைசருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது அவருடைய கவலை இல்லை.

இந்தப் பிரச்னைக்கு அரசாங்கங்கள் எப்போதும் கையில் வைத்திருக்கும் பதில், பஸ் போதவில்லை என்பது. பதிலில் நியாயம் இருக்கிறது. 1991-ல் 41 லட்சமாக இருந்த பெங்களூரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 85 லட்சத்தை எட்டியிருந்தது. கர்நாடக அரசு போக்குவரத்துக் கழகத்திலிருந்து பிரிந்து, 1997-ல் தனியாக உருவான பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் (பி.எம்.டி.சி.) இன்று சுமார் 7,000 பஸ்களை வைத்துக்கொண்டு தினமும் 40 லட்சத்துக்கும் அதிகமானவர்களை ஏற்றிச் செல்கிறது. நகரில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கையோ 1 கோடியைத் தாண்டிவிட்டது. 2023 ஜூன் 11 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. பஸ்கள் அதிகம் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஆனால் சந்தாபுராவில் அன்று காலை குறைந்தது பஸ் அல்ல. பஸ்கள் இருந்தன. ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. இப்படி வரும் பஸ்களோடு இன்னும் நூறு பஸ்களைச் சேர்த்தால், ஜோடியாக வருபவை மூன்று மூன்றாக வரக்கூடும். நின்றுகொண்டிருப்பவருக்கு அதனால் கிடைப்பது அதிகமில்லை.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு தடத்தில் மணிக்கு ஆறு பஸ்கள். சீராக வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் பயணி சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு பஸ்கள் 18 நிமிடம், 2 நிமிடம், மறுபடி 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறி மாறி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கழகத்தின் கணக்கில் சராசரி இடைவெளி இப்போதும் பத்து நிமிடம்தான். பாதி இடைவெளிகள் வெறும் இரண்டு நிமிடம் என்றுகூடப் பெருமை பேசலாம். ஆனால் நிறுத்தத்துக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து சேருவார்கள். சராசரிக் காத்திருப்பு எட்டு நிமிடத்தைத் தாண்டிவிடும். ஒரு பஸ்கூடக் குறையவில்லை, ஒரு லிட்டர் டீசல்கூட மிச்சமாகவில்லை. பயணியின் நேரம் மட்டும் போய்விட்டது.

வேலைக்குப் போகிறவர் சராசரியை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. மோசமான நாளுக்குத் தோதாகத்தான் கிளம்பியாக வேண்டும். ஒரு நாளில் போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கினால், 25 வேலை நாட்களில் 500 நிமிடம். அதாவது மாதத்தில் ஒரு முழு நாள் வேலைக்குச் சமமான நேரம் நிறுத்தத்தில் நின்றே கழிகிறது. அந்த நாளுக்குக் கூலி கிடையாது.

பஸ்கள் ஏன் கூட்டாக வருகின்றன? டிரைவர்கள் டீக்கடையில் சேர்ந்து நின்று அரட்டை அடிப்பதால் என்று நிறுத்தத்தில் சொல்வார்கள். காரணம் அதைவிடச் சாதாரணமானது. முன்னால் போகும் பஸ் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் அதிகமாக மாட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களை ஏற்றி இறக்கவும் டிக்கெட் கொடுக்கவும் மேலும் அரை நிமிடம் ஆகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகம் பேர். தாமதம் தாமதத்தையே குட்டி போடுகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளில்லை. முன்னவர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது வேகமாக ஓடி முன்னதைப் பிடித்துவிடுகிறது. இருவரில் எவர் மீதும் குற்றமில்லை. நியூவெல், பாட்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1964-லேயே ஒரு கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வெளியிலிருந்து யாராவது தலையிடாவிட்டால், ஒரு சின்னத் தாமதம் ஒரு தடத்தின் பஸ்களையெல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிடும் என்பது அதன் சாரம்.

அந்த "யாராவது" யார் என்பதுதான் பெங்களூர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கெம்பேகவுடா பஸ் நிலையத்தில் (மெஜஸ்டிக் என்றால்தான் ஊருக்குப் புரியும்) பஸ் புறப்படுகிற நேரத்தைக் குறித்துக்கொள்ள ஆள் உண்டு. அங்கிருந்து வெளியேறிய பின், இருபது முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு டிரைவர் தனி ஆள். முன்னால் போன பஸ் எங்கே, பின்னால் வருவது எங்கே என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. டெப்போவின் கேள்விகள் வேறு: இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டியதில் எத்தனை ஓடியது? வசூல் எவ்வளவு? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது? கழகம் உயிர் வாழ வேண்டுமென்றால் இந்தக் கேள்விகள் தேவைதான். ஆனால் இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு ஓடினாலும் கிலோமீட்டர் கணக்கு சரியாக வந்துவிடும். வண்டியின் ஓட்டத்துக்கு இருக்கும் பேரேடு பயணியின் காத்திருப்புக்கு இல்லை.

தொழில்நுட்பம் இல்லாத குறை என்றும் சொல்ல முடியாது. 2016-லேயே பஸ்கள் எங்கே போகின்றன என்பதை செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கும் ஏற்பாட்டை பி.எம்.டி.சி. கொண்டுவந்தது. 2023-ல் வெளியிட்ட புதிய செல்போன் செயலியில் பஸ் நகர்வதைப் பயணியே பார்க்கலாம். நல்ல வசதிதான். ஆனால் பஸ் தாமதம் என்று அறிவிப்பது வேறு, தாமதத்தைக் குறைப்பது வேறு. 500-டி தடத்தில் மூன்று பஸ்கள் ஊர்வலமாக வருவதை ஹெப்பால் முதல் சில்க் போர்டு வரை யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம். அந்த ஊர்வலத்தைக் கலைக்கும் அதிகாரம் உள்ளவர் பார்த்து, நடுவில் உள்ள டிரைவரை மூன்று நிமிடம் நிறுத்தி வைத்தால்தான் கருவிக்குச் செய்த செலவு வீண்போகாது.

அந்தத் தலையீடு பெரிய வித்தையல்ல. நீளமான ஒவ்வொரு தடத்திலும் மூன்று நான்கு இடங்களில் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். முன்னால் போன பஸ்ஸுக்கு மிக அருகில் வந்துவிட்ட வண்டி ஓரிரு நிமிடம் அங்கே காத்திருந்து புறப்படும். கால அட்டவணையில் எட்டு பத்து என்று அச்சடித்த நேரத்தைத் துரத்துவதை விட, முன்னவருக்கும் தனக்கும் நடுவே பத்து நிமிடம் இருக்கிறதா என்று பார்ப்பதே இத்தகைய தடங்களில் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிற சாலையில் எந்தப் பயணியும் அட்டவணையை எடுத்துப் பார்ப்பதில்லை.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பஸ்ஸை வேண்டுமென்றே நிறுத்திவைத்தால் கண்டக்டரைத்தான் திட்டுவார்கள். அதனால்தான் இதை டிரைவரின் விருப்பத்துக்கு விட முடியாது. கட்டுப்பாட்டு அறையின் உத்தரவாக இருக்க வேண்டும். ஏன் நிற்கிறது என்று பயணிகளுக்குச் சொல்லவும் வேண்டும். தடத்தின் முனையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மூச்சு விட அவகாசம் தருவதும் அவசியம். பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டி பத்தே காலுக்குச் சேர்ந்து, உடனே திரும்பச் சொன்னால், அவர்கள் சாப்பாட்டையோ கழிப்பறையையோ தியாகம் செய்ய வேண்டும், அல்லது அடுத்த நடையும் தாமதமாகப் புறப்பட வேண்டும். பத்து நிமிட ஓய்வை வெட்டி மிச்சம் பிடிக்கிற அட்டவணை காகிதத்தில்தான் சிக்கனம். சாலையில் அதன் விலையைப் பயணி கொடுக்கிறார்.

தடங்களின் நீளமும் ஒரு காரணம். பெங்களூரின் பஸ் வரைபடம் நெடுங்காலமாக மெஜஸ்டிக், சிவாஜி நகர், மார்க்கெட் என்ற மூன்று மையங்களிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல வெளியே விரிந்தது. நகரமோ அந்த மையங்களை விட்டு விலகிப்போய், வெளிவட்டச் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலைகளைக் குவித்தது. வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒரே பஸ் என்ற கோரிக்கைக்குக் கழகம் இணங்க இணங்க, எண்ணோடு எழுத்து ஒட்டிய தடங்கள் பெருகின. அவற்றில் பல, நாளுக்குச் சில நடைகள் மட்டும் ஓடுகின்றன. நீளமான தடத்தில் எத்தனை சிக்னலோ அத்தனை தாமத வாய்ப்பு. மெஜஸ்டிக்கில் ஏற்பட்ட நெரிசல் ஆனேகல்லில் நிற்பவரைத் தண்டிக்கிறது.

இதைச் சீர்திருத்தும் முயற்சி நடக்காமலில்லை. 2008-09 வாக்கில் 'பிக் டென்' என்ற பெயரில், நகரின் முக்கியமான பெரிய சாலைகளில் நேராகப் போய் நேராகத் திரும்பும் பச்சை நிற பஸ்கள் விடப்பட்டன. மெஜஸ்டிக் நெரிசலுக்குள் நுழையாமல், ஒரே சாலையில் அடிக்கடி ஓடுவது, வேறு திசைக்குப் போகிறவர் ஓரிடத்தில் மாறிக்கொள்வது என்பது அதன் எண்ணம். எண்ணம் சரியானது. ஆனால் காலப்போக்கில் அது நகரின் முதுகெலும்பாக வளரவில்லை, பல தடங்களில் ஒன்றாகக் கரைந்துபோனது. பஸ் மாறுவதென்றால் பயணிக்கு இரண்டு பயம்: இரண்டாவது டிக்கெட், இரண்டாவது காத்திருப்பு. 2023-க்குப் பிறகு பெண்களுக்கு முதல் பயம் இல்லை. ஆண்களுக்கும் நாள் பாஸ், மாத பாஸ் உண்டு. மிச்சமிருப்பது இரண்டாவது பயம்தான். அது தீர வேண்டுமானால் இடைவெளி சீராக வேண்டும். சீராகாத வரை, "எங்கள் ஏரியாவிலிருந்து நேர் பஸ் விடுங்கள்" என்று எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பவரைக் குறை சொல்லவே முடியாது.

சாலை யாருடையது என்ற கேள்வியும் எழுகிறது. 2019 அக்டோபரில் சில்க் போர்டிலிருந்து வெளிவட்டச் சாலையில் பஸ்களுக்கென்று தனித்தடம் ஒதுக்கி, சின்னத் தடுப்புக் கம்பங்கள் நட்டு, சோதனையாக ஓட்டிப் பார்த்தார்கள். கார்களின் நடுவே ஊர்ந்துகொண்டிருந்த பஸ்கள் அவற்றைத் தாண்டி ஓடின. சில மாதங்களில் கொரோனா வந்தது. அதைத் தொடர்ந்து அதே சாலையில் மெட்ரோ கட்டுமானம் வந்தது. கம்பங்கள் போயின. மெட்ரோ வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒன்று கட்டி முடியும் வரை இன்னொன்று முடங்கிக் கிடக்க வேண்டும் என்று விதி எதுவுமில்லை. தில்லியில் 2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை போட்ட பஸ் தடம், கார்க்காரர்களின் எதிர்ப்புக்கு நடுவே எட்டு ஆண்டு தாக்குப்பிடித்து, 2016-ல் இடிக்கப்பட்டது. 2009-ல் தொடங்கிய அகமதாபாத் ஜன்மார்க், சாலையின் நடுவே மேடையுள்ள நிலையங்களும் ஏறும் முன்பே டிக்கெட்டுமாக இன்னும் ஓடுகிறது. ஒரு தடம் பிழைப்பதும் அழிவதும், சாலையில் கூச்சல் எழும்போது அரசு யார் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் இருப்பார்கள். அவர்களில் எவரும் ஹாரன் அடிப்பதில்லை.

ஊர் முழுவதும் தனித்தடம் போடுவது நடக்காத காரியம் என்றால், நெரிசலில் பஸ் எங்கெங்கே மாட்டிக்கொள்கிறது என்று கழகத்தின் கண்காணிப்புக் கருவியே காட்டிக் கொடுக்கும். அந்தச் சந்திப்புகளில் மட்டும் இருநூறு மீட்டருக்கு பஸ்ஸை முன்னால் விடலாம். நிறுத்தங்களை அடைத்து நிற்கும் ஆட்டோக்களையும் கார்களையும் அகற்றலாம். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை. தேவைப்படுவது போக்குவரத்து போலீஸ், மாநகராட்சி, பி.எம்.டி.சி. ஆகிய மூவரும் ஒரே மேஜையில் உட்காருவது. இந்தத் துறைகளை ஒரு குடையின் கீழ் கொண்டுவரும் மாநகரத் தரைவழிப் போக்குவரத்து ஆணைய மசோதாவை கர்நாடக சட்டமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. சட்டத்துக்கு வேலை கொடுக்க நினைத்தால், சந்தாபுரா நிறுத்தத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அளவுகோல் மாற வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை. லண்டனில் பஸ்களைத் தனியார் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் ஓட்டுகின்றன. அடிக்கடி பஸ் ஓடும் தடங்களில், சீராக வந்திருந்தால் பயணி எவ்வளவு காத்திருப்பார், நிஜத்தில் எவ்வளவு காத்திருந்தார் என்ற வித்தியாசத்தை அளக்கிறார்கள். 2001-லிருந்து வந்த ஒப்பந்தங்களில் அந்த வித்தியாசம் குறைந்தால் கம்பெனிக்கு ஊக்கத்தொகை, கூடினால் பிடித்தம். பெங்களூரிலும் இப்போது வந்துகொண்டிருக்கும் மின்சார பஸ்களில் பெரும்பாலானவை தனியாருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஓட்டப்படுபவை. கிலோமீட்டருக்குக் காசு கொடுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். சீரான இடைவெளி வேண்டுமென்றால் அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு விலை எழுதியாக வேண்டும். கழகம் தன் சொந்த டெப்போக்களையும் அதே தராசில் நிறுத்த வேண்டும்.

நம்பகமான சேவைக்கு மக்கள் என்ன மதிப்புக் கொடுப்பார்கள் என்பதற்கு அண்மையில் ஒரு சாட்சியம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில், சந்தாபுராவுக்குச் சற்று முன்னே பொம்மசந்திராவில் முடியும் மெட்ரோ மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது, இருந்தது மூன்றே ரயில்கள். 25 நிமிடத்துக்கு ஒன்றாக விட்டார்கள். ஆனாலும் கூட்டம் வந்தது. 25 நிமிடம் நீண்ட இடைவெளிதான், ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த இடைவெளி. அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்பலாம். தையல் தொழிலாளிக்கு மெட்ரோவில் தினமும் இரண்டு வேளையும் டிக்கெட் எடுப்பது கட்டுப்படியாகாது. 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணமும் உயர்ந்தது. அவருக்குக் காசில்லாமல் கிடைப்பது பஸ்தான். இலவசம் என்பதால் எப்போது வந்தாலும் சரி என்று அவர் நினைக்க வேண்டும் என்பது நியாயமில்லை. அந்தப் பயணத்துக்கும் அரசு பட்ஜெட்டிலிருந்து பணம் கொடுக்கிறது, அது மக்களின் பணம்.

பஸ்ஸை நம்ப முடியாதவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் தவணையில் ஒரு ஸ்கூட்டர். அப்புறம் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் நெரிசல். அதனால் பஸ் இன்னும் தாமதம். பின்னால் எஞ்சி நிற்பவர்கள் தவணை கட்ட வழியில்லாதவர்கள், வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

2010 பிப்ரவரியில் பி.எம்.டி.சி. 'பஸ் தினம்' என்று ஒன்றைத் தொடங்கியது. மாதந்தோறும் நான்காம் தேதி, சொந்த வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள் என்று நகரவாசிகளுக்கு வேண்டுகோள். நல்ல நோக்கம்தான். ஆனால் சந்தாபுரா பெண்ணுக்கு மாதத்தின் எல்லா நாளும் பஸ் தினம். அவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஏழு இருபதுக்கு வந்தால் ஏழரைக்குள் ஒரு பஸ், ஏழு நாற்பதுக்குள் இன்னொன்று என்று உறுதி கொடுத்தால் போதும். அந்த இரண்டாவது பஸ் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் பஸ்ஸுக்குப் பின்னால், ஒரு நிமிட தூரத்தில்.